அப்பத்தா வீடு, பாம்பன் (குடும்பக் குழு)

டிசம்பர் 22, இரவு 7.40

நான்: சித்தப்பா, குரூப் 4-க்குப் படிச்சுட்டு இருக்கேன். தனுஷ்கோடி புயல் ஒரு கைடுல டிசம்பர் 22, இன்னொண்ணுல 23. எதை எழுத?

சித்தப்பா: ரெண்டும் தப்பில்ல பாப்பா. 1964 டிசம்பர் 22 ராத்திரி ஆரம்பிச்சு 23 விடியிற வரைக்கும் அடிச்சது. பாம்பன்ல கிளம்புன 653-ஆம் நம்பர் பாசஞ்சர் ரயிலை அலை இழுத்துட்டுப் போனது ராத்திரி 11.55-க்குன்னு பதிவு. உள்ள நூத்துக்கும் மேல ஆளுங்க. அடுத்த அஞ்சு நிமிஷத்துல தேதி மாறிருச்சு.

அத்தை: அப்பத்தாவுக்கு என்னைக்கும் 22 தான்டி. பக்கத்துல உக்காந்திருக்காங்க, சொல்றதை அப்படியே போடுறேன்.

அத்தை: "மார்கழி பிறந்து ஒரு வாரம், செவ்வாக்கிழமை. எனக்குப் பதினொரு வயசு. கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு. அப்பா எங்களைக் கயித்துல கோத்து மேட்டுக்கு இழுத்துட்டுப் போனாரு. விடிஞ்சு பாத்தா பாலத்தைக் காணோம். நடுவுல தூக்குப்பாலம் மட்டும் தனியா நிக்குது. அண்ணன் தனுஷ்கோடியில மூட்டை தூக்கப் போயிருந்தான். ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொன்னான்."

அத்தை: இதுக்கு மேல பேச்சு வரல. கடலைப் பாத்து விளக்கு ஏத்தியாச்சு. அந்தப் பனையோலைக் கொட்டானை மடியில வச்சிருக்காங்க. மூடி ஓரமெல்லாம் அரிச்சுப் போச்சு. உள்ள அந்த அண்ணனோட பாக்குவெட்டி, துரு ஏறி இப்ப விரியவே மாட்டேங்குது.

பெரியப்பா: அம்மாவை சீக்கிரம் படுக்கச் சொல்லு.

பெரியப்பா: பாப்பா, பழைய பாம்பன் ரயில் பாலத்தையும் குறிச்சுக்க. 1914 பிப்ரவரி 24 திறந்தது. அப்பல்லாம் கப்பல் வந்தா நடுவுல ரெண்டா விரியும். ஆளுங்க கையால சுத்தித்தான் தூக்குவாங்க, மணிக்கணக்குல நின்னு பாத்திருக்கேன். புயல்ல 126 கர்டர், அதான் தண்டவாளத்தைத் தாங்குற இரும்பு உத்திரம், போச்சு. ஆறு மாசத்துல சரிபண்ணச் சொன்ன வேலைய இ. ஸ்ரீதரன் 46 நாள்ல முடிச்சாரு. அப்ப அவருக்கு 32 வயசு. பின்னாடி கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோன்னு ஊரே பேசுன மனுஷன் முதல்ல பேர் வாங்குனது நம்ம கடல்ல.

நான்: தனுஷ்கோடி லைன்?

பெரியப்பா: அதைத் திருப்பிப் போடல. போட் மெயில் ரயில்ல வந்து தனுஷ்கோடியில கப்பல் ஏறி இலங்கையில தலைமன்னார் போற வழி அன்னைக்கோட போச்சு. எனக்கு அந்த வருத்தம் இன்னும் தீரல. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 திறந்தப்பவும் அதைத்தான் நினைச்சேன்.

சித்தி: விவேகானந்தர் பாம்பன்ல இறங்குனது 1897 ஜனவரி 26. பாஸ்கர சேதுபதி மன்னர் வரவேற்றாரு. குடியரசு தினத்தோட சேத்து வச்சா மறக்காது.

சித்தப்பா: கலாம் ஐயா பிறந்தது 1931 அக்டோபர் 15. அவரோட எஸ்.எல்.வி-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைக் கொண்டுபோனது 1980 ஜூலை 18. இதைக் கேக்காம விட மாட்டாங்க.

நான்: எழுதிட்டேன். அத்தை, அப்பத்தா முழிச்சிருக்காங்களா? அந்த அண்ணன் பேரு எனக்குத் தெரியாது. நோட்டுல 22-க்குப் பக்கத்துல எழுதணும்.

அத்தை: இரு, கேக்குறேன்.

அத்தை: (குரல் பதிவு, 0:07)