டி டிரைவில் இருக்கும் டேலி கணக்கும் போட்டோவும் போகாமல் லினக்ஸ் மின்ட் போட முடியுமா?

தாமிரபரணி:
வணக்கம். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். விண்டோஸ் 11, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவ் 200 ஜிபி, கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. மீதியெல்லாம் டி டிரைவ். அதில் பாதிக்கு மேல் காலி, ஆனால் அப்பாவின் கடைக் கணக்கு டேலியும் அக்கா கல்யாண போட்டோக்களும் அங்கேதான் இருக்கின்றன. அப்பாவுக்கு விண்டோஸ் இல்லாமல் முடியாது, எனக்கு காலேஜ் பாடத்துக்கு விண்டோஸ் போலவே இன்னொரு ஓஎஸ்ஸான லினக்ஸ் வேண்டும். அதில் ஒரு வகையான மின்ட் 22ஐ பென்டிரைவில் ஏற்றி இன்ஸ்டால் செய்யாமலே லைவ்வாக ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, சவுண்ட் எல்லாம் வேலை செய்கிறது. இன்ஸ்டால் ஐகானைத் தொடத்தான் பயம். டிஸ்க் மேனேஜ்மென்டில் பெயரே இல்லாமல் இரண்டு குட்டி பார்டிஷன்களும் (டிஸ்க்கில் பிரித்த பகுதிகள்) தெரிகின்றன, ஒன்று 100 எம்பி. அவை எதற்கு?

திண்டுக்கல் சர்வீஸ்:
முடியும் தம்பி. இடத்தை விண்டோஸே காலி செய்து கொடுக்கட்டும், மின்ட் அந்த இடத்தில் மட்டும் உட்காரட்டும். என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் முறையில் ஃபார்மட் ஆன பார்டிஷனைச் சுருக்கும் வேலையை மின்ட் இன்ஸ்டாலரிடம் விடாதே.

முதலில் டேலி டேட்டாவையும் போட்டோக்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடு. எடுத்ததைத் திறந்தும் பார். நான் லேப்டாப் சர்வீஸ் பார்ப்பவன். மொத்த டிஸ்க்கையும் அழிக்கும் 'இரேஸ் டிஸ்க்' அழுத்திவிட்டு வந்து நிற்பவர்களிடம் பதில் சொல்வதுதான் இந்தத் தொழிலிலேயே எனக்குக் கஷ்டமான வேலை. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஏதாவது மீட்டுக் கொடுக்கலாம். எஸ்எஸ்டியில், லினக்ஸ் ஃபார்மட் செய்யும்போதே 'இந்த இடம் இனி காலி' என்று டிரைவுக்கும் சொல்லிவிடும். அதன் பிறகு எந்த ரெகவரி சாஃப்ட்வேரும் பெரும்பாலும் உதவாது.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் என்கிரிப்ஷன். "நான் போடவே இல்லையே" என்பார்கள். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோதே அது தானாக ஆன் ஆகியிருக்கலாம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கிறதா பார். ஆனில் இருந்தால் 48 இலக்க ரெகவரி கீயை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வை. பூட் வரிசை மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும், அன்றைக்கு அப்பாவுக்கு அவசர பில் போட வேண்டியிருக்கும்.

பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்து. அது இருக்கும்வரை ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து டி டிரைவில் எழுதினால் ஃபைல்கள் கெட்டுப்போகலாம். இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

சுருக்க வேண்டியது டி டிரைவை. சி-யில் பேஜ்ஃபைல் (ராம் பற்றாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது) மாதிரி நகராத ஃபைல்கள் இருக்கும், கேட்கிற இடம் கிடைக்காது. டிஸ்க் மேனேஜ்மென்டில் டி மேல் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம், 102400 எம்பி கொடு. 100 ஜிபி உன் பாடத்துக்குத் தாராளம். அன்அலோகேட்டட் என்று கறுப்புப் பட்டை வரும், அதில் புது வால்யூம் எதுவும் போடாதே. ரீஸ்டார்ட் பண்ணி அப்பாவை டேலி திறக்கச் சொல். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் பென்டிரைவைச் செருகு.

அந்த 100 எம்பி இஎஃப்ஐ பார்டிஷன். இரண்டு ஓஎஸ்ஸின் பூட் ஃபைல்களும் அதற்குள் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும், மின்ட்டுக்கு அந்த இடம் போதும். இன்னொன்று ரெகவரி, கண்டுகொள்ளாதே.

ஊர்க்குருவி:
பாடத்துக்கு மட்டும்தானே? விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டால் பார்டிஷன் பக்கமே போக வேண்டாம். வீட்டுக்கு ஒரே மெஷின் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

திண்டுக்கல் சர்வீஸ்:
16 ஜிபி ராம் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். 8 ஜிபியில் விண்டோஸ் 11ம் ஓடி, உள்ளே மின்ட்டும் ஓடினால் இரண்டுமே திணறும். படிக்கிற பையன் வெறுத்துவிடுவான்.

தாமிரபரணி:
காப்பி எடுத்துத் திறந்து பார்த்தேன். என்கிரிப்ஷன் ஆஃபில்தான் இருந்தது. டி-யைச் சுருக்கிய பிறகும் டேலி நன்றாக ஓடுகிறது. இப்போது இன்ஸ்டாலரில் பார்டிஷனை நாமே தேர்ந்தெடுக்கும் 'சம்திங் எல்ஸ்' கொடுத்து நிற்கிறேன். சி, டி என்ற பெயர்களே இல்லை அண்ணா. 16 எம்பியில் புதிதாக ஒன்றும் தெரிகிறது, டிஸ்க் மேனேஜ்மென்டில் அது இல்லவே இல்லை. நான் ஏதாவது உடைத்துவிட்டேனா?

திண்டுக்கல் சர்வீஸ்:
ஒன்றும் உடையவில்லை. அது விண்டோஸ் தனக்காக ஒதுக்கி வைத்திருப்பது. டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது, அவ்வளவுதான். லினக்ஸில் டிரைவ் எழுத்துகள் கிடையாது, அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

'ஃப்ரீ ஸ்பேஸ்' வரிகளில் 1 எம்பி, 2 எம்பி என்று துண்டுகள் இருந்தால் விடு. 100 ஜிபிக்கு நெருக்கமாக இருப்பதைத் தேர்ந்தெடுத்து பிளஸ் அழுத்து. ஃபார்மட் வகை லினக்ஸுக்கான எக்ஸ்ட்4, மவுன்ட் பாயின்ட்டில் ஒற்றைச் சாய்கோடு (/). ராம் பற்றாதபோது உதவும் ஸ்வாப் பார்டிஷன் தனியாக வேண்டாம், மின்ட் தானே ஸ்வாப் ஃபைல் வைத்துக்கொள்ளும். 100 எம்பி வரி இஎஃப்ஐ என்று இருக்க வேண்டும், அதில் ஃபார்மட் டிக் இருக்கவே கூடாது. அதை ஃபார்மட் செய்தால் விண்டோஸ் பூட் ஆகாது.

'இன்ஸ்டால் நவ்' அழுத்தியதும் எந்தெந்த பார்டிஷன் ஃபார்மட் ஆகப்போகிறது என்று ஒரு பெட்டி வரும். அதில் புது எக்ஸ்ட்4 ஒன்று மட்டும் இருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால் 'கோ பேக்'. அவசரப்படாதே, நான் இங்கேதான் இருக்கிறேன்.

தாமிரபரணி:
ஆகிவிட்டது! ஆன் செய்ததும் எந்த ஓஎஸ் என்று கேட்கும் கிரப் மெனுவில் மின்ட், விண்டோஸ் இரண்டும் வருகின்றன. போட்டோக்கள் மின்ட்டிலும் திறக்கின்றன. ரொம்ப நன்றி அண்ணா. ஒன்றே ஒன்று: விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது.

திண்டுக்கல் சர்வீஸ்:
மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. மின்ட் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடு (timedatectl set-local-rtc 1). பிறகு விண்டோஸுக்குப் போய் டேட் அண்ட் டைமில் 'சிங்க் நவ்' அழுத்து. டேலி திறக்கும் முன் இதை முடித்துவிடு.