பாதி டேங்க்குக்குக் கீழே போனால் மட்டும் நின்ற வண்டி

எங்கள் வீட்டு மாருதி 800, 1997 மாடல். மூன்று சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டர் உள்ள வண்டி. அப்பா வாங்கியது, இப்போது காங்கேயத்தில் நான் வைத்து ஓட்டுகிறேன். போன வருஷம் சித்திரையில் குடும்பத்தோடு வால்பாறை கிளம்பினோம். ஆழியாறு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதைத் தாண்டும்போது வண்டி இழுக்கவில்லை. மிதிக்க மிதிக்க முக்கி முனகி, அப்படியே நின்றுவிட்டது.

வெயிலுக்குப் பெட்ரோல் ஆவியாகி லைனில் அடைத்திருக்கும் என்று நினைத்து, டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் ஏசி பம்ப் மேல் ஈரத்துணி சுற்றினேன். பத்து நிமிஷம் கழித்து, ஸ்டார்ட்டரை அடித்து அடித்து ஒரு வழியாகப் பிடித்துக்கொண்டது. துணிதான் காப்பாற்றியது என்று நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கையில் மூன்று மாதம் போனது.

அதற்குள் இரண்டு பட்டறையில் கார்ப்பரேட்டரைக் கழற்றிவிட்டார்கள். ஒருவர் ஜெட்டையெல்லாம் ஊதி மாட்டினார். இன்னொருவர் நீடில் வால்வு, கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டார். ஒவ்வொரு தடவையும் நாலு நாள் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதை. வண்டி கைக்கு வந்ததும் நான் டேங்க்கை நிரப்பிவிடுவேன் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவதாகப் பார்த்தவர் தாராபுரம் ரோட்டில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் வயசாளி. கருவியையே தொடவில்லை. "ஏனுங் தம்பி, டேங்க்ல எத்தனை பெட்ரோல் இருக்கறப்ப நிக்குதுங்?" என்றார். யோசித்துப் பார்த்தால், நின்ற ஒவ்வொரு தடவையும் முள் பாதிக்குக் கீழே.

"தோட்டத்துல கெணறு இருக்குதுங்ளா? சித்திரையில தண்ணி எறங்குனா மோட்டாரு ஏர் புடிக்குதில்லைங், அதேதானுங் இது."

அதற்கு மேல் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் மேலே இருக்கும்போது உறிஞ்சு குழாயில் இருக்கும் சின்ன ஓட்டை தெரியாது. மட்டம் இறங்கி, பம்ப் அதிகமாக இழுக்க வேண்டி வந்தால் அந்த வழியாகக் காற்று நுழையும். பம்ப்பிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் ஓஸ் வெடித்தால் பெட்ரோல் கசியும், வாடை காட்டிக்கொடுத்துவிடும். டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு வரும் ஓஸ் அப்படியில்லை. வண்டி ஓடும்போது அது காற்றை உள்ளே இழுக்கும், வெளியே சொட்டுகூட வராது. எங்கள் வண்டியில் யாரும் அதைக் கண்டுபிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வந்து தேங்கும், மிதவை இருக்கும் கிண்ணத்தின் பக்கவாட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. அவர் அதைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். ஐடிலிங்கில் பெட்ரோல் மட்டம் நடுவில் நின்றது. ஆக்சிலேட்டரை ஏற்றிப் பிடித்ததும் மட்டம் நடுங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கண்ணாடியை விட்டே மறைந்தது. "வந்து சேரவே மாட்டேங்குது. அப்பறம் இதை எதுக்குங் கழட்டறது?"

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு இன்ஜின் பிடித்துக்கொள்ளாமல் இருக்கக் காயில் வயரை எடுத்துவிட்டு, பம்ப்பிலிருந்து வெளியே வரும் ஓஸை ஒரு பாட்டிலில் விட்டு ஸ்டார்ட்டர் அடித்தார். நாலு துடிப்பு பெட்ரோல், அப்புறம் சோடா மாதிரி நுரை. அடுத்து டேங்க் பக்கத்து ஓஸைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு புது ஓஸை மாட்டி, பெட்ரோல் கேனில் நேராக விட்டார். இப்போது துடிப்புக்கு ஒரு பீச்சு, ஒரு குமிழிகூட இல்லை. பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, குறை பின்னால். (வீட்டில் இதைச் செய்பவர்கள் திறந்த வெளியில் செய்யுங்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.)

டேங்க் ஓரத்தில் ஒரு சாண் நீள ரப்பர் ஓஸ். பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. கிளிப்பைத் தளர்த்தி வளைத்ததும், வற்றிய குளத்து மண் போல வரிவரியாகப் பிளந்தது.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எனவே பெட்ரோலுக்கென்றே வரும், எத்தனால் தாங்கும் ஓஸ் கேட்டு வாங்கி, கிளிப்போடு சேர்த்து முழு லைனிலும் மாற்றினோம். முன்பு செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெருந்துறையில் மாமாவின் பழைய பிரீமியர் பத்மினி காரும் இதே மாதிரி நின்று நின்று போகும். அதில் ஓஸ் நன்றாகவே இருந்தது. டேங்க் மூடியில் காற்று போகும் துளையைப் புழுதி அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று நுழைய வழியில்லாமல் பம்ப்பால் இழுக்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே மூடியைத் திருகியபோது 'உஸ்' என்று சத்தம் கேட்டது. ஊசியால் துளையைக் குத்திவிட்டு, அரை மணி நேரத்தில் ஈரோடு போய்ச் சேர்ந்தார்.