புதுப்பிப்பு: இறக்கைத் தகடும் உயரமானியும் சுவருக்கு வந்தாயிற்று

இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தின் இறக்கைத் தகடு ஒன்றையும் உயரமானியையும் வாங்கியிருக்கிறேன், பெயிண்ட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சுரண்டவில்லை.

தகட்டின் உட்புறத்தில் இருக்கும் மஞ்சள்பச்சைப் பூச்சு, உலோகம் அரிக்காமல் காக்கும் துத்தநாக குரோமேட். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எழும் தூசி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதுவும் போக, ரிவெட் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பரிசோதகரின் சிறிய மை முத்திரை பாதி அழிந்த நிலையில் இருக்கிறது. எனக்கு அந்தத் தகட்டிலேயே மிக அழகான இடம் அதுதான். அதை அழித்துவிட்டு வெறும் அலுமினியத்தை மாட்டி என்ன பயன்? ஈரத்துணியால் மட்டும் மெல்லத் துடைத்து மாட்டிவிட்டேன்.

உயரமானிதான் முக்கியம். எண்களிலும் முள்ளிலும் பழுப்பேறிய பூச்சு இருந்ததால் கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவியை அருகே கொண்டுபோனேன். உடனே படபடவென்று ஒலித்தது. ரேடியம், அதாவது எண்கள் இருட்டில் ஒளிர அக்காலத்தில் பூச்சில் கலந்த கதிரியக்கப் பொருள். இருட்டில் ஒளிராததால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தேய்ந்துபோனது ரேடியத்துடன் கலந்திருந்த, ஒளிதரும் துத்தநாக சல்பைடு மட்டுமே. ரேடியம் 226-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1600 ஆண்டுகள். கண்ணாடி உடையாமல் இருப்பதால், திறக்காமல் அப்படியே காற்றோட்டமான கூடத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். படுக்கையறையில் வைக்காதீர்கள், ரேடியத்திலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வெளிவரும். கண்ணாடி விரிசல்விட்ட மானியை விலை மலிவு என்று வாங்கவே வேண்டாம்.