அவுட்போர்டு மோட்டாரின் புகைவழியில் உப்பரிப்பு: அடைக்கலாமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி – பாம்பன் கரை

வணக்கம். எங்கள் ஃபைபர் படகில் இருப்பது இரண்டு சிலிண்டர் கொண்ட 9.9 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது). பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிறோம். ஆறு ஆண்டுகள் தொல்லையின்றி ஓடியது. சென்ற கார்த்திகையில் கடல் கொந்தளிப்பால் ஐந்து வாரம் கரையிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு காலையில் எளிதில் கிளம்புவதில்லை. கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினால் முனையில் நீர்த்துளி நிற்கிறது; நாவில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. மேல் சிலிண்டரின் பிளக் வழக்கம்போல் காய்ந்தே இருக்கிறது.

ஹெட் பேக்கிங் (சிலிண்டர் மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தாள்) போயிருக்கும் என்று எண்ணி மாற்றினோம், பயனில்லை. பின்னர் மெக்கானிக் பக்கவாட்டில் உள்ள புகைவழி மூடியைக் கழற்றினார். கழற்றும்போதே மூன்று போல்ட்டுகள் கழுத்தோடு முறிந்துவிட்டன. வெளிமூடிக்கு உள்ளே இருக்கும் தகட்டில் மிளகளவு துளை ஒன்று விழுந்திருக்கிறது. அதைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து, சுரண்டினால் மாவாக உதிர்கிறது. சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கில் பேக்கிங் அமரும் முகத்திலும் ஓரிடத்தில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருக்கிறது. துளையை எபாக்சியால் அடைத்து, சிலிக்கான் பசை தடவி மூடிவிடலாம் என்கிறார் அவர். என் தந்தையும் தம்பியும் இரவில் வலைக்குப் போகும் படகு என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 – நாகைப் படகுக்காரர்

தம்பி, இதே வேலையை எபாக்சியில் செய்து பார்த்தவன் நான். இருபது நாள் தாங்கியது. பிறகு அடைப்பு ஓரத்தில் பெயர்ந்து, அந்தத் துண்டே நீர் வழியில் போய் அடைத்துக்கொண்டு மோட்டார் சூடேறி நின்றது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றதால் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தேன். வேண்டாம்.

பதில் 2 – தூத்துக்குடி பட்டறை

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் புகைவழி உள்தகட்டையே காட்டுகின்றன. அந்தப் பகுதியின் அமைப்பை மனத்தில் கொண்டால் காரணம் தெளிவாகும். பிளாக்குக்கும் உள்தகட்டுக்கும் இடையே சூடான புகை செல்கிறது. உள்தகட்டுக்கும் வெளிமூடிக்கும் இடையே குளிர்விக்கும் கடல்நீர் செல்கிறது. ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டின் ஒரு முகத்தில் நெருப்பும் மறுமுகத்தில் உப்புநீரும் இருக்கின்றன. தகட்டில் துளை விழுந்ததும் நீர் புகைப்பக்கம் கசிந்து, மோட்டாரை நிறுத்திய பின் கீழே வடிந்து, திறந்திருக்கும் புகைத்துளை வழியாகக் கீழ்ச் சிலிண்டருக்குள் போகிறது. மேல் பிளக் காய்ந்தும் கீழ்ப் பிளக் நனைந்தும் இருப்பது அதனால்தான். மண்ணெண்ணெயில் உள்ள கந்தகம் எரிந்து, அந்த ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகவும் மாறுவதால், துளை விழுந்தபின் அரிப்பு மிக வேகமாகப் பரவும்.

ஆகவே அந்தத் தகட்டை அடைக்கவோ பற்றவைக்கவோ வேண்டாம்; புதிதாக வாங்கிப் போடுங்கள். ஓரிடத்தில் துளை விழுந்த தகடு மற்ற இடங்களிலும் மெலிந்தே இருக்கும். ஐயம் இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சிறு சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள்; நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், தின்றுபோன இடம் மந்தமாக ஒலிக்கும்.

கவலைக்குரியது பிளாக்கின் முகம். வெள்ளைப் பூப்பை எல்லாம் பித்தளைத் தூரிகையால் தேய்த்து, பளபளக்கும் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்த பிறகே பள்ளத்தின் உண்மையான ஆழம் தெரியும். நேரான எஃகுச் சட்டத்தை முகத்தின் மேல் வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். முகம் மொத்தமாக வளைந்திருப்பது 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்து, பள்ளமும் மேலோட்டமாக இருந்தால், சமமான கண்ணாடித் துண்டில் தண்ணீர்ச் சாணைத்தாளை ஒட்டி வட்டமாகத் தேய்த்தே சரிசெய்துவிடலாம். பேக்கிங் அமரும் பட்டையின் பாதி அகலத்தையாவது பள்ளம் தின்றிருந்தால் ஆர்கான் வெல்டிங் (ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் பற்றவைப்பது) தவிர வேறு வழியில்லை.

முறிந்த போல்ட்டுகளை முரட்டுத்தனமாகத் திருக வேண்டாம். பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு போல்ட் அலுமினியத்தில் இருக்கும். உப்பு ஈரத்தில் இரு உலோகங்களுக்கிடையே மின் அரிப்பு நடந்து, மரையின் இடுக்கில் வெள்ளைப் பொடி இறுகியிருக்கும். போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை மிதமாகச் சூடாக்குங்கள். அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரிவதால் பிடி தளரும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். எஞ்சிய தண்டைப் பிடிக்க முடிந்தால், கழற்றும் திசைக்கு முன் ஓர் இம்மி இறுக்கும் திசையில் அசைத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் நடுப்புள்ளி குத்தி, மையத்தில் துளையிட்டு, ஹெலிகாயில் (புதிய மரையாக அமையும் கம்பிச் சுருள்) போட வேண்டும். துளை சாய்ந்தால் நீர்வழியில் போய் முட்டும், எனவே கை டிரில் வேண்டாம், நிற்கும் டிரில்லில் செய்யச் சொல்லுங்கள்.

பொருத்தும்போது புதிய பேக்கிங் இரண்டும் போட வேண்டும். ஒன்று உள்தகட்டின் உட்புறம், மற்றொன்று வெளிப்புறம். சிலிக்கான் பசை பிதுங்கி நீர்வழியில் தொங்கும் என்பதால் அதைத் தவிருங்கள். போல்ட்டின் மரையில் கடல் கிரீஸ் தடவி, நடுவிலிருந்து வெளிப்புறமாக இரண்டு சுற்றாக இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 8 நியூட்டன் மீட்டர் போதும்; உங்கள் மோட்டாரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பதில் 3 – குருநகர், யாழ்ப்பாணம்

பட்டறை அண்ணன் கூறியவை அனைத்தும் சரி. ஆனால் ஐந்து வாரம் கிடந்ததைச் சற்று நினைத்துப் பாருங்கள். வெளியிணைப்பு இயந்திரத்தை, அதாவது அவுட்போர்டு மோட்டாரை, கழுவாமல் வைத்தால் உள்ளே நிற்கும் கடல்நீர் வற்றி, ஒரு லீட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பை அங்கேயே விட்டுவிடும். தொழில் முடிந்து வந்ததும் நன்னீர் நிரப்பிய பீப்பாயில், நீர் உள்ளிழுக்கும் துளைகள் மூழ்கும்படி இறக்கி, பெற்றோலில் பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள். இயந்திரம் சூடேறி தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்ப நீர்வழியைத் திறக்கும் வால்வு) திறந்தால்தான் நன்னீர் எல்லாப் பாதைக்கும் போகும்; வெறுமனே ஓரிரு நிமிடம் ஓடவிடுவது கழுவியதாகாது.

அனோட்டையும் (இயந்திரத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் உலோகக் கட்டி) பாருங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். அதன்மேல் பெயின்ற் அடித்திருந்தால் அது வேலையே செய்யாது. எங்கள் பக்கத்தில் அழகுக்காக அடித்துவிட்டு, இயந்திரம் ஏன் அரிக்கிறது என்று வந்து கேட்பவர்கள் பலர்.

மீண்டும் – பாம்பன் கரை

அனைவருக்கும் நன்றி. சுத்தம் செய்து பார்த்ததில் பள்ளம் எதிர்பார்த்ததைவிட ஆழம். பட்டையின் முக்கால் அகலம் போயிருக்கிறது. அனோட்டின் மேல் நாங்களே நீலப் பெயின்ட் அடித்திருக்கிறோம். வெல்டிங் செய்பவரிடம் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

பதில் 4 – தூத்துக்குடி பட்டறை

பிஸ்டன், கிராங்க் எல்லாவற்றையும் கழற்றி வெறும் பிளாக்கை மட்டும் கொடுங்கள். உப்பும் எண்ணெயும் ஊறிய அலுமினியத்தில் வெல்டு நுரைத்துக் குமிழி விழும். ஆகவே கொதிநீரில் கழுவி, பள்ளத்தின் சுவரை நல்ல உலோகம் வரும்வரை குடைந்து, பிளாக் முழுவதையும் சீராகச் சூடாக்கிய பிறகே பற்றவைக்க வேண்டும். சிலிக்கான் கலந்த 4043 கம்பியைக் கேளுங்கள். மக்னீசியம் மிகுந்த 5356 கம்பி தொடர்ந்து சூட்டில் இருக்கும் இடத்துக்கு ஏற்றதன்று. பின்னர் முகத்தை மில்லிங்கில் சமமாக்கி, சிலிண்டர் உட்துளை வளைந்திருக்கிறதா என்று போர் கேஜில் அளந்து வாங்குங்கள்.

பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வெல்டின் புகைப்பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, நீர்ப்பக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். கசிவிருந்தால் வெள்ளையில் ஈரக்கறை படரும். கறை தெரிந்தால் அந்த பிளாக்கை உங்கள் தந்தையின் படகில் ஏற்ற வேண்டாம்; மறுபடி என்னிடம் எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.