உறுப்பினர் கேட்டுப் பெறும் ஊர்த்திட்ட நிதி தொடர வேண்டுமா?

நீர்வழி:
அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் தம் தொகுதியின் குடிநீர்க் குழாய்க்கும் நூலகத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே பெயர் குறித்து நிதி பெற்றுத் தரும் வழக்கம் 2011இல் நிறுத்தப்பட்டு, 2021இல் 'சமூகத் திட்ட நிதி' என்ற பெயரில் திரும்பி வந்தது. 2025 நிதியாண்டுக்கு, முந்தைய ஒதுக்கீட்டையே நீட்டிக்கும் சட்டம் மார்ச்சில் நிறைவேறியபோது, காத்திருந்த ஊர்களின் திட்டங்கள் எல்லாம் விடுபட்டுப் போயின. இது பெரும் அநீதி. சிற்றூர் அலுவலகத்தில் தண்ணீர்க் கட்டணத்துக்கு ரசீது போடும் எழுத்தரே நாய் வளர்ப்புக்கு உரிமம் கொடுக்கிறார். குழாய் உடைந்தால் ஒப்பந்தக்காரரை அழைப்பவரும் அவர்தான். அரசுத் துறைகளின் நிதிக்கு விண்ணப்பம் எழுதவே தனி அலுவலர்களை வைத்திருக்கும் பெருநகரங்களோடு அவர் எப்படிப் போட்டியிட முடியும்? அவருடைய ஊரை அறிந்தவர் உறுப்பினர் ஒருவரே.

பொதுக்கணக்கு:
அந்த உறுப்பினர் யாருக்கு நெருக்கமானவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2005இல் அலாஸ்காவின் கெச்சிகன் நகரையும் சுமார் ஐம்பது பேர் வாழ்ந்த கிரவீனா தீவையும் இணைக்கும் பாலத்துக்கு 22.3 கோடி டாலர் குறிக்கப்பட்டது. நாடே கொதித்தெழுந்தது; 2007இல் பாலம் கைவிடப்பட்டது; ஆனால் அந்தப் பாலத்தைச் சென்றடைவதற்கான சாலை மட்டும் தீவில் கட்டி முடிக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஒதுக்கீடுகளைப் பெற்றுத் தரப் பாதுகாப்புத் துறை ஒப்பந்தக்காரர்களிடம் 24 லட்சம் டாலர் லஞ்சம் வாங்கிய உறுப்பினர் ராண்டி கன்னிங்ஹாம் 2006இல் எட்டு ஆண்டு நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். வழக்கம் திரும்பிய பிறகும், செனட் ஒதுக்கீட்டுக் குழுவில் மூத்தவரான ரிச்சர்ட் ஷெல்பி தம் அலபாமாவுக்கு 2022, 2023 ஆகிய இரு நிதியாண்டுகளிலும் ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் பெற்றார். குழுவில் இடமில்லாத உறுப்பினரின் தொகுதி மக்கள் என்ன பாவம் செய்தார்கள்?

நீர்வழி:
கெச்சிகனின் விமான நிலையம் அந்தத் தீவில்தான் இருக்கிறது. பயணிகள் இன்றும் படகில் கடக்கிறார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் அந்தத் தொகை மிகை என்பதை ஏற்கிறேன். கன்னிங்ஹாம் காலத்து நடைமுறை இப்போது இல்லை. கோரிக்கை ஒவ்வொன்றையும் உறுப்பினர் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். தமக்கோ குடும்பத்தாருக்கோ அதில் பண ஆதாயம் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். லாப நோக்குள்ள நிறுவனங்களுக்குப் பிரதிநிதிகள் சபை இடமே தரவில்லை. மொத்தத் தொகையும், ஆண்டுதோறும் காங்கிரஸ் வாக்களித்து ஒதுக்கும் விருப்புரிமைச் செலவில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உறுப்பினர் குறிக்காத பணம் மிச்சமாகிவிடுவதில்லை ஐயா. வாக்காளரைச் சந்திக்க வேண்டிய தேவையே இல்லாத துறை அதிகாரி அதை எங்கே கொடுப்பது என்று முடிவு செய்கிறார்.

பொதுக்கணக்கு:
நீங்கள் முதலில் சொன்ன குடிநீர்க் குழாய்க்கே வருகிறேன். மாநிலங்களின் நீர்ச் சுழல்நிதிகளுக்குக் கூட்டாட்சி அரசு ஆண்டுதோறும் பணம் தருகிறது; ஊர்கள் அதிலிருந்து குறைந்த வட்டியில் கடன் வாங்கித் திருப்பிச் செலுத்த, அதே பணம் அடுத்த ஊருக்குப் போகிறது. 2023இல் கழிவுநீர்ச் சுழல்நிதிக்கான 163.9 கோடி டாலரில் சுமார் 86 கோடியும், குடிநீர் நிதிக்கான 112.6 கோடியில் சுமார் 61 கோடியும் உறுப்பினர்கள் குறித்த திட்டங்களுக்குப் பிரித்து எடுக்கப்பட்டன. சரிபாதிக்கும் மேல்! அந்தப் பணம் ஒரே ஊரில் ஒரே முறை செலவாகி முடிந்தது. இனி எந்த ஊருக்கும் அது கடனாகத் திரும்பாது. உங்கள் எழுத்தரைப் போன்ற எத்தனையோ பேரின் ஊர்கள் அந்த வரிசையில்தான் நிற்கின்றன.

மேட்டுத்தெரு:
இருவர் எழுதியதையும் படித்தேன். சுழல்நிதியைப் பற்றிய கணக்குதான் இந்த விவாதத்தின் உயிர்நிலை என்று நினைக்கிறேன். ஆனால் கடனைக் கட்ட வருவாயே இல்லாத ஊருக்குச் சுழல்நிதி மட்டும் எப்படி உதவும்? மக்கள்தொகை குறைந்து, எஞ்சிய சில நூறு வீடுகள் பழைய குழாய் முழுவதையும் மாற்றும் செலவைச் சுமக்கும் ஊரில், குறைந்த வட்டியும் தண்ணீர்க் கட்டணத்தை உயர்த்தவே செய்யும். உறுப்பினர் குறிக்கும் தொகையைச் சுழல்நிதியிலிருந்து வெட்டாமல் தனித் தலைப்பில் ஒதுக்கினால் பொதுக்கணக்கு அவர்கள் ஏற்பாரா?

பொதுக்கணக்கு:
தனித் தலைப்பில் ஒதுக்கி, தொகையை எல்லாத் தொகுதிகளுக்கும் சமமாகவும் வைத்தால் ஏற்பேன். இரண்டாவது நிபந்தனைக்கு ஒதுக்கீட்டுக் குழுவினர் சம்மதிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.