நூலகப் பட்டியல் பதிவுகளை மென்பொருளால் மாற்றியபோது நேர்ந்தவற்றில் உங்களை இன்னும் உறுத்துவது எது?

அட்டைப்பேழை எழுதியது:

ஆண்டுகள் பல ஆகியும் ஒரு திரை என் நினைவை விட்டு அகலவில்லை. சிடிஎஸ்/ஐசிஸ் என்ற பழைய மென்பொருளின் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 14,000 பதிவுகளை, நூலகங்களுக்குப் பொதுவான மார்க் 21 என்ற பதிவு வடிவத்துக்கு மாற்றினோம். மாற்றும் நிரலை எழுதியவன் நானே, ஆகவே பழியும் என்னுடையதே. முதலில் 200 ஆங்கில நூல்களை ஏற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அந்தத் துணிவில் மீதியையும் ஒரே இரவில் ஏற்றிவிட்டேன். ஏற்றிய மென்பொருள் பதிவுகளின் முடிவுக்குறிகளை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை சரி என்று அறிவித்தது. நானும் நிம்மதியாக உறங்கினேன்.

மறுநாள் காலை ஒரு வாசகர் என்னை அழைத்துத் திரையைக் காட்டினார். நூலின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறியும், அதையடுத்து ஆசிரியர் பெயரின் பின்பாதியும், அதன் பின்னே நூற்பெயரின் முதலெழுத்து மட்டுமாக ஒன்றும் நின்றன. "இந்த நூலின் பெயர் என்ன?" என்று அவர் மிகுந்த மரியாதையுடன் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. தமிழ் நூல்கள் அத்தனையும் அப்படியே இருந்தன.

காரணம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. மார்க் பதிவுகளைத் தாங்கும் ஐஎஸ்ஓ 2709 கோப்பில் ஒவ்வொரு பதிவின் 24 இடத் தலைப்பகுதிக்கும் அடுத்து, நூற்பெயர், ஆசிரியர் போன்ற ஒவ்வொரு புலமும் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஓர் அடைவு வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே; அதில் புல எண்ணுக்கு 3, புலத்தின் நீளத்துக்கு 4, தொடங்கும் இடத்துக்கு 5 என ஒரு புலத்துக்கு 12 இடங்கள். அந்த நீளமும் இடமும் பைட்டுக் கணக்கு. என் நிரலோ எழுத்துக்குறிகளை எண்ணியது. ஒருங்குறியின் (யூனிகோடு) யூடிஎஃப்-8 குறிமுறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு, தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. 'கொ' என்பது இரண்டு குறி, ஆறு பைட்டு. என் நிரலுக்கு அது வெறும் இரண்டு. ஒவ்வொரு புலமும் தனக்கு முன்னால் இருந்த புலத்துக்குள் போய்த் தொடங்கியது. நான் சோதித்த 200 நூல்களும் ஆங்கில நூல்களாக இருந்தனவே, அதை நினைத்தால்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மெய்யெழுத்து எழுதியது:

உங்கள் பிழையாவது கண்ணுக்குத் தெரிந்தது. எங்களுடையது கண்ணுக்கே தெரியாத பிழை. பழைய எழுத்துருக் குறிமுறையில் இருந்த பதிவுகளை ஒருங்குறிக்கு மாற்றி முடித்து ஆறு மாதம் கழிந்த பின், தலைப்புச் சொல்லடைவில் 'கோயில்' என்ற சொல் அடுத்தடுத்து இரண்டு முறை நிற்பதை ஒரு மாணவி காட்டினார். ஒன்றின் கீழ் 31 நூல்கள், மற்றொன்றின் கீழ் 58. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டோம். உருப்பெருக்கியும் வைத்துப் பார்த்தோம் (சிரிக்காதீர்கள்). வேறுபாடே இல்லை.

பழைய எழுத்துருவில் இரட்டைச் சுழியும் காலும் தனித்தனியாகத் தட்டப்பட்டிருந்தன. மாற்றி, சுழியை மெய்க்குப் பின்னே நகர்த்தியது, ஆனால் இரண்டையும் 'ோ' என்ற ஒரே குறியாக இணைக்காமல் 'ே', 'ா' என இரண்டு குறிகளாகவே விட்டுவிட்டது. திரை இரண்டையும் ஒன்றாகவே வரைகிறது; தேடுபொறிக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். விசைப்பலகையில் வாசகர் தட்டியது ஒற்றைக் குறி என்பதால், 58 நூல்கள் ஆறு மாதம் அலமாரியில் இருந்தும் இல்லாதவையாயின. அந்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் "இந்த நூல் இங்கே இல்லை" என்று திரும்பிப் போயிருப்பார்கள் என்பதே என் உறுத்தல்.

முன்சுட்டு எழுதியது:

அட்டைப்பேழை அவர்களே, பழி உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு நான் கடிந்துகொள்வது முறையன்று. ஆயினும் ஐஎஸ்ஓ 2709 கோப்பை யாரும் தம் கையால் எழுத வேண்டியதே இல்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அனுபவம் சிறியது. நூலின் மொழி முதலியவற்றைக் குறியீடாகத் தாங்கும் 008 புலத்துக்கு ஒரே அச்சு வைத்து எல்லா நூல்களுக்கும் நிரப்பினோம். அந்த அச்சின் 35 முதல் 37 வரையுள்ள இடங்களில் ஆங்கிலத்துக்கான மொழிக்குறி இருந்தது. திறப்பு நாளன்று வந்திருந்தவர்கள் முன்னிலையில் தலைமை நூலகர் மொழி வடிகட்டியில் 'தமிழ்' என்பதைச் சொடுக்கினார். விடை: 0. அவ்வளவுதான் என் கதை.

இனிச் செய்ய வேண்டியவை. மார்க்எடிட் போன்ற கருவியில் பதிவுகளை உரைவடிவில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புலமும் சமக்குறியில் தொடங்கும் ஒரு வரியாக நிற்கும். திருத்தங்களை அங்கேயே செய்துவிட்டு, நீளத்தையும் இடத்தையும் கணக்கிடும் வேலையைக் கருவியிடம் விட்டுவிடலாம். தலைப்பகுதியின் 09 ஆம் இடத்தில் ஒருங்குறிக்கு உரிய 'a' என்ற ஆங்கிலச் சிற்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது வெற்றிடமாக இருந்தால், வாங்கும் மென்பொருள் கோப்பை மார்க்-8 என்ற பழைய குறிமுறையில் உள்ளதாக எடுத்துக்கொள்ளக்கூடும், அந்தக் குறிமுறையிலோ தமிழுக்கு இடமே கிடையாது. பழைய பதிவெண்ணை 035 புலத்தில் போட்டு வையுங்கள். அது இல்லையென்றால் பிழை தெரிந்த நாளில் மூலப் பதிவைத் தேடிப்பிடிக்க வழியிராது. சோதனைக்கு முதல் 200 பதிவுகளை எடுப்பது சோம்பலே அன்றிச் சோதனையன்று. மிக நீளமான பதிவு, மிகப் பழைய பதிவு, ஆசிரியர் அறுவரைக் கொண்ட பதிவு, ஆசிரியரே இல்லாத பதிவு, இரு மொழிகள் கலந்த பதிவு எனப் பொறுக்கி எடுங்கள். அடைவில் புலத்தின் நீளத்துக்கு நான்கு இலக்கமே இருப்பதால் ஒரு புலம் 9,999 பைட்டுக்கு மேல் போக முடியாது. தமிழில் அது 3,333 குறிகளை எட்டுவதற்குள் நிரம்பிவிடும். ஐம்பது கட்டுரைகள் கொண்ட ஒரு தொகுப்பின் பொருளடக்கத்தை 505 புலத்தில் அடைக்க முயன்றால் இது தெரியும்.

மெய்யெழுத்து அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறிவடிவங்களை ஒன்றாக்கும் ஒருங்குறி இயல்பாக்கம் செய்தால் 'ோ' சரியாகும், ஆனால் 'கௌ' சரியாகாது. பழைய தட்டச்சில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கு 'ள' என்ற எழுத்தையே இட்டார்கள்; 'கெளரவம்' என்று நிற்பது இயல்பாக்கத்தின் பார்வையில் பிழையே அன்று. அதைத் தேடி மாற்றுங்கள்.

மெய்யெழுத்து எழுதியது:

தேடி மாற்றியவன்தான் ஐயா நான். மேலே எழுத நாணி விட்டுவிட்டேன். எகரக் குறிக்குப் பின் 'ள' வரும் இடங்களையெல்லாம் ஔகாரமாக்கும்படி ஒரே கட்டளை கொடுத்தேன். 'பௌர்ணமி' திருந்தியது. 'வெள்ளம்' 'வௌ்ளம்' ஆயிற்று. அந்தப் புள்ளி எதன் தலையிலும் உட்கார முடியாமல் ஒரு வட்டத்தின் மேல் தொங்கியது. வெள்ளி, வெள்ளை, தெளிவு, பள்ளிக்கூடப் பாடநூல் தவிர வேறெங்கும் நான் கண்டிராத 'கெளிறு' என்ற மீன், எல்லாமே அடிபட்டன. பிறகு 'ள'வை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வராத இடங்களில் மட்டும் மாற்றும்படி விதியைத் திருத்தி, எஞ்சிய 140 தலைப்புகளைக் கண்ணால் பார்த்தேன். அறிவுரை தருவதற்கு முன் ஒரு வரி கேட்டிருக்கலாம்.

இரவுப்பணி எழுதியது:

சண்டை வேண்டாம். எங்கள் ஆசிரியர் அடைவில் 'அடிகள்' என்ற ஒரே பெயரின் கீழ், ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத பதினேழு பேர் வரிசையாக நின்றார்கள். பெயரின் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று கொண்டு, அதை முன்னே கொணர்ந்து காற்புள்ளி இடும் விதி அந்த மென்பொருளில் ஏற்கெனவே இருந்தது. நாங்கள் அதை நிறுத்தவில்லை. தலைப்பெழுத்தும் பெயருமாக இருந்தவர்கள் தற்செயலாகச் சரியாகவே விழுந்தார்கள், அதனால் யாருக்கும் ஐயம் எழவில்லை. 'அடிகள்', 'அம்மையார்', 'புலவர்' என்று முடிந்தவர்கள் எல்லோரும் பட்டத்தின் கீழ் போய்ச் சேர்ந்தார்கள். ஆசிரியர் பெயருக்கான 100 புலத்தில், பெயரின் வகையைக் காட்டும் முதல் சுட்டியும் குடும்பப் பெயருக்கு உரிய 1 என்றே பதிவாகியிருந்தது. இயற்பெயருக்கு 0 அல்லவா வர வேண்டும்.

ஓர் எழுத்தாளரின் மகள் தம் தந்தையின் நூல்களைத் தேடிக்கொண்டு வந்தார். தந்தையின் பெயரைத் தட்டினார், கிடைத்தது. ஆனால் திரையில் பட்டம் முன்னும் பெயர் பின்னுமாகக் கிடந்ததைப் பார்த்து, "அப்பாவை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை" என்று மட்டும் சொன்னார். பதினேழு பெயர்களையும் அன்று மாலையே கையால் திருத்தினேன்.

முன்சுட்டு எழுதியது:

மெய்யெழுத்து அவர்களே, பொறுத்தருள்க. உங்கள் விதியைக் குறித்துக்கொண்டேன். இரவுப்பணி சொன்ன சிக்கலுக்கு, ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரே வடிவத்தை நிறுவும் பெயர் அதிகாரக் கோப்பு ஒன்றை முதலிலேயே...

மெய்யெழுத்து எழுதியது:

மீண்டுமா?

அட்டைப்பேழை எழுதியது:

035 பற்றி முன்சுட்டு சொன்னது உண்மை. நான் அதைச் செய்திருக்கவில்லை. பழைய தரவுத்தளத்தின் நகல் இருந்ததால் நிரலைத் திருத்தி மறுபடியும் ஏற்ற முடிந்தது. ஆனால் இடைப்பட்ட அந்த இரண்டு நாளில் சில பதிவுகளைப் பணியாளர்கள் கையால் திருத்திச் சேமித்திருந்தார்கள். அவற்றை மூலத்துடன் பொருத்த எண் ஏதும் இல்லாமையால் ஒவ்வொன்றாக நூலை எடுத்து ஒப்பிட்டோம். மூன்று பதிவுகளுக்கு நூலும் கிடைக்கவில்லை, மூலப் பதிவும் கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்றின் தலைப்பில் இன்றும் 'தி' என்ற ஓரெழுத்து மட்டுமே இருக்கிறது. நீக்க மனம் வரவில்லை.