ஆலமரக் குடும்பம்: அப்பாவுக்கு நாளை கழுத்து ஸ்கேன்

முரளி: அப்பாவுக்கு நாளை காலை 10 மணிக்குக் கழுத்து டாப்ளர், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். டயாலிசிஸ் குழாய் போட்ட வலது பக்கம் நேற்றிலிருந்து வீங்கியிருக்கிறது. கையும் தடித்திருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார்.

கோமதி அத்தை: நேற்றே ஏன் சொல்லவில்லை?

கோமதி அத்தை: போன தடவை ஆபரேஷன் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கூடப் பிறந்தவள் நான்.

முரளி: அத்தை, இப்போது முதலில் இங்கேதான் சொல்கிறேன்.

மணி சித்தப்பா: தலைச்சுற்றல் வந்தபோது நானும் எடுத்தேனே. பயப்பட ஒன்றும் இல்லை.

தேவி: அப்பா, உங்களுக்குப் பார்த்தது கரோடிட். மூளைக்கு ரத்தம் ஏறும் தமனி. பெரியப்பாவுக்குப் பார்ப்பது அதை ஒட்டி ஓடும் ஜுகுலர் சிரை, தலையிலிருந்து ரத்தம் இறங்கும் வழி. குழாய் கிடக்கும் சிரையில் ரத்தம் உறையலாம். அதைத்தான் தேடுவார்கள்.

கோமதி அத்தை: ஊசி உண்டா

தேவி: கிடையாது. கதிர்வீச்சும் இல்லை. சாப்பிட்டுவிட்டே போகலாம்.

கோமதி அத்தை: அப்போ இன்று ராத்திரி நான் வந்து எண்ணெய் விட்டு நீவி விடுகிறேன். என் கை பட்டால் அண்ணனுக்கு வலி அடங்கும்.

தேவி: அத்தை, தயவுசெய்து நீவ வேண்டாம். உறைகட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. ராத்திரி திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 10 மணி வரை காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள், முரளி அண்ணா.

கோமதி அத்தை: ஸ்கேன் கருவியை வைத்து அவர்கள் மட்டும் அழுத்தலாமா?

தேவி: நல்ல கேள்வி. அவர்கள் திரையைப் பார்த்தபடி லேசாகத்தான் அழுத்துவார்கள். நல்ல சிரை அந்த அழுத்தத்துக்கே தட்டையாகி மூடிக்கொள்ளும். பக்கத்துத் தமனி மூடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே உறைந்திருந்தால் சிரை மூடாது. கட்டி கண்ணுக்கே தெரிந்துவிட்டால் மேலும் அழுத்த மாட்டார்கள். காறை எலும்புக்குக் கீழே அழுத்த முடியாது. அங்கே ரத்த ஓட்டத்தின் அலையை வைத்துத்தான் சொல்வார்கள். மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் ஏற்ப அலை ஏறி இறங்க வேண்டும். ஒரே கோடாக ஓடினால், இதயத்துக்குப் போகும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கலாம்.

மணி சித்தப்பா: திரையில் நீலம் என்றால் கெட்ட ரத்தம், சிவப்பு என்றால் நல்லது. சரிதானே?

தேவி: இல்லை அப்பா. கருவியை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதற்குத்தான் நிறம். அதைக் கொண்டு பெரியப்பாவைப் பயமுறுத்தாதீர்கள்.

முரளி: சித்தப்பா அந்த அறைக்குள் வர வேண்டாம் 😄

தேவி: விண்வெளி நிலையத்தில் இருந்த வீரர்களுக்கும் இதே ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். 2019இல் வந்த ஆய்வு. 11 பேரில் 6 பேருக்கு இடது கழுத்துச் சிரையில் ரத்தம் தேங்கியோ எதிர்த்திசையிலோ ஓடியிருக்கிறது. ஒருவருக்கு உறைந்தே இருந்தது.

மணி சித்தப்பா: அங்கே யார் எடுத்தது??

தேவி: அவர்களே. பூமியிலிருந்து வழிகாட்டினார்கள்.

மணி சித்தப்பா: அடேயப்பா. எடை இல்லாத இடத்தில் ஜெல் எப்படி நிற்கும்?

முரளி: சித்தப்பா, நாளைக்கு வண்டி யார் எடுப்பது?

பெரியம்மா: தேவி, இவருக்கு மட்ட மல்லாக்கப் படுத்தால் மூச்சு முட்டுகிறது. மூன்று தலையணை வைத்துத்தான் தூங்குகிறார்.

தேவி: உள்ளே போனதும் முதலில் இதைச் சொல்லுங்கள் பெரியம்மா. நிமிர்ந்து உட்கார்ந்தால் சிரை சுருங்கிவிடும், அதனால் படுக்கச் சொல்வார்கள். அவரால் முடிந்த சாய்வில் வைத்துப் பார்ப்பார்கள். குழாய் மேல் உள்ள ஒட்டுப்பட்டையை நீங்கள் பிரிக்காதீர்கள். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போடுங்கள்.

பெரியம்மா: அந்த நீலச் சட்டையில் மேல் பட்டன் இல்லை. தைக்கிறேன்.

கோமதி அத்தை: அண்ணி, நான் வருவேன். நீவ மாட்டேன். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

பெரியம்மா: வா கோமதி. உன்னைத்தான் கேட்டார்.

முரளி: இடம் போதாது. அம்மா, அத்தை, நான். சித்தப்பா வந்தால் இன்னொரு வண்டி வேண்டும்.

மணி சித்தப்பா: காலையில் சொல்கிறேன்.

முரளி: காலையில் என்றால் எத்தனை மணிக்கு?